வாடகை எண்ணும் 114ஏ பிரிவும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் இணைய லைன் ஒருவர் பேரில் இருக்கும்; வைஃபை கடவுச்சொல் மட்டும் அறை வாடகைக்கு இருப்பவர் உட்பட எல்லார் கைப்பேசியிலும் இருக்கும். கிள்ளான் சாப்பாட்டுக் கடைகளில் அது சுவரிலேயே ஒட்டியிருப்பதும் உண்டு. 2012 ஜூலை 31-ல் நடைமுறைக்கு வந்த, மலேசியச் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவோ, ஓர் இணைப்பிலிருந்து வெளியானதை அதன் சந்தாதாரரே வெளியிட்டார் என்று, அவர் மறுத்து நிரூபிக்கும்வரை, அனுமானிக்கிறது. இதை எதிர்த்து அவ்வாண்டு ஆகஸ்ட் 14-ல் பல இணையத்தளங்கள் முகப்பைக் கறுப்பாக்கியது கருத்துச் சுதந்திரத்தின் பேரில். அதைவிட வலுவான ஆட்சேபம், எனக்கென்னவோ, இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி ஒதுக்கப்படும் விதத்திலேயே இருக்கிறது.

அந்த முகவரி வாசலில் ஆணியடித்து மாட்டிய வீட்டு எண் அல்ல. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குப் பங்கிடும் ஏப்னிக் அமைப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்பில் கைவைத்துவிட்டது. ஆகவே சேவை நிறுவனங்கள் இருப்பதைச் சுழற்றிக் கொடுக்கின்றன: மின்சாரம் போய் மோடம் மறுபடி இணைந்தால் வேறு எண் வரலாம். அதுவும் போதாதபோது ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறார்கள். ரவுட்டர் பக்கத்தில் வெளிமுகவரியைப் பாருங்கள், 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், அது இந்தப் பகிர்வுக்கென்றே 2012-ல் ஒதுக்கிய வரிசை. ஒரு பொது எண்ணுக்குள் இணைப்புகளைப் பிரித்துக்காட்டும் போர்ட்டுகள் சுமார் 65,000. வீட்டுக்கு 2,000 என்று பிரித்தால், முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெளியுலகில் ஒரே முகம்.

நிறுவனத்திடம் பதிவேடு இருக்குமே என்பார்கள். இருக்கலாம், ஆனால் அதில் தேட, முகவரியோடு போர்ட் எண்ணும் நொடி பிசகாத நேரமும் வேண்டும். இவற்றைச் சேவையகங்கள் குறித்துவைக்க வேண்டும் என்று இணையப் பொறியியல் பணிக்குழு 2011-ல் சொன்னது பரிந்துரை மட்டுமே. உலகப் பொது நேரத்துக்கும் மலேசிய நேரத்துக்கும் உள்ள 8 மணி வித்தியாசத்தைக் கவனிக்கத் தவறினாலே போதும், விசாரணை வேறு வீட்டுக் கதவைத் தட்டும். மறுக்க வாய்ப்பு இருக்கிறதே என்ற வாதமும் உண்டு. எதைக் காட்டி மறுப்பது? எந்தக் கைப்பேசி எப்போது எங்கே போனது என்று சாதாரண வீட்டு ரவுட்டர் கணக்கு வைப்பதில்லை. குற்றவாளியைத் தேடுவதற்கு முகவரி நல்ல துப்புதான், மறுக்கவில்லை. துப்பை முடிவாக்கி, சுமையைச் சந்தாதாரர் தலையில் வைப்பதுதான் தவறு. ஆறாம் பதிப்பு பரவினால் எல்லாம் தீரும் என்பது பாதி உண்மை. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண்தொகுதி கிடைக்கும், எந்த வீடு என்பது தெளியும். சுவரில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் பார்த்து உள்ளே நுழைந்தவர் யார் என்பது அப்போதும் தெரியாது.