முதியோரின் மணிக்கட்டு முறிவு: தகடு வைத்த பின்னும் கவனம் வேண்டும்

வழுக்கி விழும்போது நாம் இயல்பாகவே கையை ஊன்றுகிறோம். இளையவருக்கு அது சுளுக்கோடு போகலாம். வயது சென்றவருக்கோ மணிக்கட்டு என்பு முறிந்துவிடுகின்றது. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் என்பு விரைவாக நலிவதால், இம்முறிவு அவர்களுக்கே கூடுதலாக ஏற்படுகின்றது.

சத்திரசிகிச்சையில் உலோகத் தகட்டைத் திருகாணிகளால் பொருத்துவர். உக்கிய மரத்தில் அடித்த ஆணி போல, நலிந்த என்பில் திருகாணி இளகலாம். என்பு அமிழ்ந்து திருகாணி முனை மூட்டுக்குள் புகலாம். தகட்டில் உராய்ந்து விரல் நாண் அறுவதும் உண்டு. இது பல மாதங்களின் பின்னரும் நேரலாம். ஆகவேதான் முதியவர் பலருக்குப் பிளாஸ்டரே போதுமென வைத்தியர் தீர்மானிப்பர். அதனை அலட்சியமென எண்ணவேண்டாம்.

கையை உயர்த்தி வைத்து, முதல் நாளிலிருந்தே விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் செய்வோம். விரல் மரத்தல், கூடிவரும் வலி, சீழ், காய்ச்சல், பெருவிரலை மடக்கவோ நீட்டவோ இயலாமை ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்வோம். தகடு உள்ள கையை எண்ணெயிட்டு உருவி இறுக்கிக் கட்டுவது ஆபத்து. இடம் மாற நேர்ந்தால், எக்ஸ்ரே படத்தையும் கிளினிக் கொப்பியையும் உடைமைகளோடு சேர்த்தே எடுத்துச் செல்வோம். புதிய இடத்து வைத்தியருக்கு அவையே வழிகாட்டி.

குரக்கன், எள்ளு, முள்ளோடு உண்ணும் நெத்தலி என்பவற்றில் கல்சியம் உண்டு. மணிக்கட்டு முறிவு ஓர் எச்சரிக்கை. அடுத்த முறை விழுந்தால் இடுப்பு என்பு முறியலாம். ஆதலால் கிணற்றடிப் பாசியை இன்றே தேய்த்து அகற்றுவோம். இரவில் வெளியே செல்லும் முதியவருக்கு விளக்கும் துணையும் கொடுப்போம்.