சாட்டியில் நிற்காத பணம்

நயினாதீவு செல்லும் யாத்திரிகர்கள் பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியாகவே குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறார்கள். வழியில்தான் சாட்டி வெண்மணல் கடற்கரை. குளிக்க வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் வாங்கிச் செல்ல நமது ஊர்ப் பொருள் என்ன இருக்கிறது?

தீவகத்துக்குத் திட்டங்கள் வராமலில்லை. தேசிய மின்வலையமைப்புடன் இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் சூரிய ஒளி, காற்று மூலம் மின்சாரம் தயாரிக்க, இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் இருந்தால் மீனுக்கு ஐஸ் கிடைக்கும், குளிரறை வைக்கலாம். ஆனால் மின்சாரம் தானாக வியாபாரம் செய்யாது.

பிலிப்பைன்ஸும் தீவுகளின் நாடுதான். அங்கு 2004இல் 'ஒரு ஊர், ஒரு பொருள்' திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு ஊரும் தனது பொருளைத் தேர்ந்தெடுக்கும். பயிற்சிக்கும் சந்தைப்படுத்தலுக்கும் அரசாங்கம் உதவும். ஜப்பானின் ஒயிட்டா மாகாணம் 1979இல் காட்டிய வழி அது.

நம்மிடம் கருவாடும் பனம் பொருட்களும் உண்டு. அவற்றைச் சுத்தமாகப் பொதி செய்து, நிறை, திகதி, விலை, ஊர்ப்பெயர் அச்சிட்டு விற்க வேண்டும். தனி ஒருவரால் முடியாவிட்டால் நாலு பேர் கூட்டுச் சேரலாம். நாம் தாமதித்தால் தீவகத்தின் பொருளை வெளியூர்க்காரர் பொதி செய்து நமக்கே விற்பார்.