குளியலறை விளக்கு எரியவில்லையா?

கூடத்து விளக்கு எரியாவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். குளியலறை விளக்கை அவ்வாறு விட்டுவிட முடிவதில்லை. சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து ஒளுச் செய்யச் செல்லும் முதியவர்கள் இருட்டில், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பே முறிந்துவிடக்கூடும். எனவே அவசரம் பிறக்கின்றது. அந்த அவசரத்தில் ஈரக்கையுடன் முக்காலியின் மீதேறிப் பல்பைத் திருகிப் பார்ப்பவர்கள் பலர். விளக்கு எரியாததைவிடப் பெரிய ஆபத்து அதுவே.

ஈரம் ஏன் எமனாகிறது?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுத்து நிறுத்தும். நனைந்த உடலின் தடையோ 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஓர் உயிரைப் பறிக்க இதுவே போதும். ஆனால், விளக்குகளுக்கென நாம் பொருத்தியுள்ள 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே அல்ல. அதன் அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லாததால் அது அசையாமலே இருக்கும். ஃபியூசும் எம்.சி.பி.யும் கம்பி எரிந்துபோகாமல் காப்பவை. மனிதரைக் காப்பவை அல்ல. இதை ஒவ்வொரு குடும்பத்தலைவியும் நினைவில் கொள்ள வேண்டும்.

வீட்டார் பார்க்கத்தக்கவை

முதலில், மற்ற அறைகளில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எங்குமே எரியவில்லையெனில் பழுது குளியலறையில் இல்லை. அண்டை வீட்டிலும் இருட்டென்றால் மின்துறைக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவதாக, எம்.சி.பி. கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைச் சுவிட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த கையால் ஒரு முறை அதை மேலேற்றலாம். மீண்டும் விழுந்தால் எங்கோ கம்பிகள் உரசுகின்றன அல்லது ஈரம் புகுந்துள்ளது என்று பொருள். அதை மேலும் மேலும் ஏற்றிப் பார்ப்பதும், பழைய ஃபியூசாயின் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவதும் வீட்டிற்கு நாமே தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதாகப் பல்பை மாற்றிப் பாருங்கள். இதைப் பகல் வெளிச்சத்தில், கையும் காலும் உலர்ந்திருக்கையில், செருப்பணிந்து, மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். அறைச் சுவிட்சை அணைத்தால் போதாதா எனக் கேட்கலாம். போதாது. சில வீடுகளில் சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் இணைத்திருப்பார்கள். அங்கே விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். வேறோர் அறையில் எரிந்துகொண்டிருந்த பல்பை இங்கே பொருத்தினால் எரிகிறதென்றால், பழுது பழைய பல்பில்தான்.

எல்.இ.டி. விளக்கும் உப்புக் காற்றும்

எல்.இ.டி. விளக்குகள் வீடுதோறும் பரவியதில் புதுச்சேரிக்குத் தனி இடமுண்டு. 2014-ஆம் ஆண்டில், பழைய குண்டு பல்புகளைப் பெற்றுக்கொண்டு, ஒன்று 10 ரூபாய் வீதம் 7 வாட் எல்.இ.டி. விளக்குகளை வீட்டுக்கு மூன்றாக வழங்கும் திட்டம் இங்கேதான் தொடங்கியது. 2015 ஜனவரியில் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. குண்டு பல்பில் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். எல்.இ.டி.யில் பெரும்பாலும் பழுதாவது அடிப்பகுதியிலுள்ள சிறு மின்சுற்று. நீராவியும், காற்றோட்டமற்ற மூடிக்குள் தேங்கும் வெப்பமும் அதன் ஆயுளைக் குறைக்கின்றன. புதுப்பல்பு போட்டும் சில வாரங்களில் அணைந்து விடுமானால் பல்பைக் குறை கூறாமல் அது இருக்கும் இடத்தைக் கவனியுங்கள்.

கடலூர்ச் சாலையில், கடற்கரையை அடுத்துள்ள தவளக்குப்பம் போன்ற ஊர்களில் இன்னுமொரு பகைவன் உண்டு. அது உப்புக் காற்று. ஹோல்டரிலுள்ள இரு பித்தளை ஊசிகளும் பச்சை பூத்து, ஸ்பிரிங் துருவேறி உள்ளே சிக்கிக்கொள்ளும். பல்பு நல்லது, மின்சாரமும் வருகிறது, ஆனால் இரண்டும் தொடுவதில்லை. இத்தகைய ஹோல்டரைச் சுரண்டிச் சரிசெய்வதைவிடப் புதிதாக மாற்றுவதே நன்று. 2024 நவம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த ஃபெங்கல் புயலின்போது கொட்டிய மழையைப் போல் பெருமழை பெய்தால், சுவருக்குள் பதித்த குழாய்களிலும் நீர் இறங்கும். சுவர் ஈரமாயிருக்கையில் அவ்வறையின் மின்னிணைப்பைப் பயன்படுத்தாதிருப்பதே அறிவுடைமை.

மின்பணியாளருக்கு உரியவை

பல்பை மாற்றியும் எரியவில்லையெனில் உங்கள் வேலை முடிந்துவிட்டது. சுவிட்சில் சடசடவென ஓசை, கருகிய வாடை, குழாயைத் தொட்டால் சுரீரென்ற உணர்வு, அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும் விளக்கு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழையுங்கள். சுவிட்சைப் போட்ட நிலையில் ஹோல்டரின் இரு முனையிலும் டெஸ்டர் எரிகிறதென அவர் சொன்னால் நியூட்ரல் கம்பி அறுந்துள்ளது என்று கொள்ளலாம். எதிலும் எரியவில்லையெனில், சுவிட்சோ அதற்கு வரும் கம்பியோ பழுது.

வந்தவரிடம் மூன்று வேலைகளைக் கேட்டுப் பெறுங்கள். சுவிட்சு ஃபேஸ் கம்பியில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. எர்த் இணைப்பைச் சோதிப்பது மற்றொன்று. மூன்றாவது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துவது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லாவிடில், அதாவது சிறிதளவு மனித உடல் வழியே கசிந்தாலும், இக்கருவி நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். முன்னர் கண்ட 0.23 ஆம்பியர் என்பது 230 மில்லி ஆம்பியர்; எம்.சி.பி. பொருட்படுத்தாத அந்த அளவை இது விடாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

எவரையேனும் மின்சாரம் பற்றிவிட்டால் பாசத்தால் ஓடிச்சென்று கையால் இழுக்காதீர்கள். தாயும் பிள்ளையும் ஒருசேர மடிந்த துயரங்கள் இப்படித்தான் நேர்ந்துள்ளன. முதலில் மெயினை அணையுங்கள். இயலாவிடில் உலர்ந்த பலகையின் மேல் நின்று உலர்ந்த கட்டையால் விலக்குங்கள். மூச்சில்லையெனில் நெஞ்சின் நடுவே அழுத்தி முதலுதவி செய்துகொண்டே 108-ஐ அழையுங்கள்.

மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறதென்பதை வீட்டிலுள்ள பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை அனைவருக்கும் இன்றே காட்டிவையுங்கள்.