'ஓஃப்' செய்தால் மின்சாரம் நின்றுவிடுமா?

மாத்தளை மாவட்டத்தின் சிகிரியாவில், விமானப்படை ஓடுதளத்துக்கு மேலாக ஒரு சிறிய விமானம் போனது. பதுங்குகுழியில் வளர்ந்த என் கைகள் தானாகவே காதைப் பொத்தின. இன்று உறவுகளைப் பார்க்க நாங்களும் விமானம் ஏறுகிறோம். அதன் வயர்களை எது காக்கிறது?

1998 செப்டெம்பர் 2 இல் சுவிஸ் எயார் 111 விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் வீழ்ந்து 229 பேரும் இறந்தனர். வயரில் எழுந்த மின்பொறியே தீயைத் தொடக்கியிருக்கலாம் என்றது விசாரணை. வழமையான பிரேக்கர்கள் சூடேறித்தான் ட்ரிப் ஆகும். விட்டுவிட்டுத் தெறிக்கும் பொறியால் அவற்றில் அந்தளவு சூடு ஏறாது.

போயிங் 787 போன்ற விமானங்களில் இலத்திரனியல் மின்கட்டுப்படுத்திகள் பல இடங்களில் அந்த வேலையைச் செய்கின்றன. குறைகடத்தியால் ஆன இவற்றில் அசையும் பாகம் இல்லை. மின்னோட்டத்தை இடைவிடாது அளந்து, மிகை வந்தால் கணத்தில் துண்டிக்கும். மின்பொறியை இனங்காணும் வகைகளும் உண்டு.

ஆனால் 'ஓஃப்' செய்த பின்னும் இவற்றினூடாகச் சிறிது மின் கசியும். பழுதானால் 'ஒன்' நிலையிலேயே சிக்கிவிடவும் கூடும். அதனால் மின் வரும் பக்கத்தில் தனியாக ஒரு பியூஸ் வேண்டும். திருத்துபவர் திரையை மட்டும் நம்பாமல், இணைப்பைக் கழற்றி, மீட்டரால் அளந்த பின்பே வயரைத் தொடவேண்டும். ட்ரிப் ஆனதைக் காரணம் அறியாமல் மறுபடி போடக்கூடாது. வீட்டு ட்ரிப் சுவிச்சுக்கும் அதே விதிதான்.