வந்த வழியும் போகும் வழியும்

கறுப்பு அங்கியும் கட்சித் துண்டும் – 9

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரிலிருந்து போன ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த 1948-ல், மாகாணத்தின் மேற்குக் கோடியில், மலபாரின் தலைச்சேரி வக்கீல் ஒருவர் கைதானார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பது புகார். ஏறக்குறைய ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தார். நம் பக்கத்து விவசாயியின் அரசாங்கம் பிடித்து உள்ளே வைத்த அந்த மனிதர் 1952-ல் அதே மாகாணத்தின் சட்டமன்ற உறுப்பினர், 1957-ல் கேரளத்தில் சட்டத்தையும் சிறைகளையும் கவனித்த அமைச்சர், 1968-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, 1973-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி. வி.ஆர். கிருஷ்ணய்யரின் வாழ்க்கையை இப்படி வரிசையாக எழுதிப் பார்த்தால், கைதி, சட்டம் இயற்றுபவர், அமைச்சர், நீதிபதி என்று அரசியல் சட்டத்தின் எல்லா வாசல்களிலும் ஒரே ஆள் நுழைந்திருப்பது தெரியும். நீதிபதி நாற்காலிக்கு வரும் முன் சட்டத்தை இத்தனை பக்கங்களிலிருந்து பார்த்தவர்கள் இந்தியாவில் மிகக் குறைவு.

இந்த வாழ்க்கையை வைத்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கட்சியோடு பழகியவன் நீதிபதியாகலாமா? விழுப்புரம் நீதிமன்ற வளாகத்தின் டீக்கடையில் கேட்டாலும் டெல்லியில் கேட்டாலும் ‘கூடாது’ என்ற பதிலே முதலில் வரும். அரசியல் அழுக்கு, நீதி சுத்தம், இரண்டையும் கலக்கக்கூடாது என்பது நம் பொதுப்புத்தி. அந்தப் பொதுப்புத்தி தவறான வாசலில் காவல் நிற்கிறது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. நீதிபதி எங்கிருந்து வந்தார் என்று நாம் துருவித் துருவிக் கேட்கிறோம். பதவி முடிந்து அவர் எங்கே போகக் காத்திருக்கிறார் என்று கேட்பதில்லை. ஆபத்து பெரும்பாலும் அந்த இரண்டாவது வாசலில்தான் இருந்திருக்கிறது.

முதலில், வக்கீல் தொழிலும் அரசியலும் இங்கே என்றைக்குத் தனித்தனியாக இருந்தன? சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர், 1920 டிசம்பரில் பதவியேற்ற சுப்பராயலு ரெட்டியார், கடலூர் வக்கீல். அவருக்கு முன்பே எஸ். சுப்பிரமணிய ஐயர் 1884-ல் சென்னைச் சட்ட மேலவையில் உட்கார்ந்து, பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியானார். சி. சங்கரன் நாயர் 1890-ல் மேலவைக்குப் போனார், 1908-ல் நீதிபதியானார். நம் காலத்துக்கு வந்தால், திண்டிவனத்திலும் பிறகு விழுப்புரத்திலும் வென்ற வழக்கறிஞர் சி.வி. சண்முகம் மாநிலச் சட்ட அமைச்சராக இருந்திருக்கிறார். தாலுகா தலைநகரங்களில் கட்சிக் கரை படாத வக்கீலைத் தேடிப்பிடிப்பதே சிரமம். ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்களும் மாறுவார்கள். அந்த நாற்காலிகள் எந்தக் கட்சிக்குரியவை என்பது கட்சிக்காரருக்கும் தெரியும், குமாஸ்தாவுக்கும் தெரியும். அரசியல் வாடை படாதவரைத்தான் நீதிபதியாக்குவோம் என்று விதி வைத்தால், வாடையை மறைக்கத் தெரிந்தவர்களே உள்ளே வருவார்கள். கிருஷ்ணய்யரின் கடந்த காலம் தேர்தல் பதிவேட்டிலேயே இருந்தது. எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அதைத் தோண்டி எடுக்கும் வேலை இல்லை.

அந்த 1952 சட்டமன்றம் சாதாரணப் பள்ளிக்கூடம் இல்லை. 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. நம் தென்னாற்காட்டில் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி அடித்த அலையில் காங்கிரஸ் தடுமாறியது. அந்தக் கட்சி 19 இடங்களோடு சென்னைக்குப் போனது, திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதியையும் பிடித்தது. பக்கத்துச் செங்கற்பட்டிலும் வடாற்காட்டிலும் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. ராஜாஜியும் அடுத்து காமராஜரும் இவர்களில் ஒவ்வொருவராக இழுத்து அமைச்சரவைகளைக் கட்டியதைக் கூத்துபரம்பாவிலிருந்து சுயேச்சையாக வந்த கிருஷ்ணய்யர் எதிர்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருப்பார். தென்னாற்காடு அவருக்கு அந்நியமும் இல்லை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது, எந்தப் பேரத்தில் அதன் ஒரு பிரிவு சேர்கிறது, இன்னொன்று எப்படிக் காணாமல் போகிறது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லித்தராது.

இந்த அனுபவம் தீர்ப்பில் எங்கே தெரிந்தது? அலங்காரமான ஆங்கிலத்துக்காக அவரைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த நடை பல இடங்களில் களைப்பூட்டுவது. கவனிக்கவேண்டியது நடைக்குக் கீழே இருக்கும் நிர்வாக அறிவு. 1978-ல் மோதிராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதைச் சொல்லி ஏற்க மறுத்தார். கிருஷ்ணய்யர் தொகையை ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையாகக் குறைத்தார். வேறு மாவட்டத்து ஜாமீன் செல்லாது என்றால், மலையாளியோ தமிழனோ பஸ்தாரிலும் போர்ட் பிளேரிலும் கைதானால் என்ன செய்வான் என்று தீர்ப்பிலேயே கேட்டார்.

இந்தக் கேள்வி நம் ஊரில் எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். விழுப்புரம் 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது, 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. திண்டிவனத்தில் ஒருவன் கைதாகிறான், அண்ணன் சங்கராபுரத்தில் இருக்கிறான் என்றால், முன்பு ஒரே மாவட்டத்து ஜாமீன், இன்று வேறு மாவட்டத்து ஜாமீன். வானூர்க்காரனின் தம்பி சில கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் இருந்தால், அது வேறு ஆட்சிப்பகுதியே ஆகிவிடும். இரண்டு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவு, ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ. சான்று, சொத்துக்குத் தாசில்தார் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, சொத்தே இல்லாத இருளர் குடும்பம் எங்கே போகும்? திண்டிவனத்தைத் தளமாக வைத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதுவும் ஒரு விடை. ஜாமீன் உத்தரவுக்கும் சிறைக் கதவு திறப்பதற்கும் நடுவே எத்தனை கையெழுத்து இருக்கிறது என்பது, உள்ளே இருந்து பார்த்தவருக்கும் அமைச்சராக அந்தக் கோப்பைப் புரட்டியவருக்கும் நன்றாகவே தெரியும். திகார் சிறையில் வார்டர் ஒருவர் சக கைதியைச் சித்திரவதை செய்ததைச் சொல்லிச் சுனில் பாத்ரா என்ற கைதி எழுதிய கடிதத்தைக் கிருஷ்ணய்யர் ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டதும் இந்தப் பழக்கத்தில்தான். வெறும் இரக்கமாக மட்டும் அதைப் பார்க்க முடியாது. சிறைக்குள் மனு எப்படி நகர்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று தெரிந்தவரின் முடிவு அது.

சரி, நியமித்தவர்களிடம் நன்றிக்கடன்? எதிர்ப்பவர்களின் பலமான கேள்வி இது, லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போன 1973 ஜூலை சாதாரண நேரம் இல்லை. மூன்று மாதம் முன்புதான் இந்திரா காந்தி அரசு ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக்கியிருந்தது. நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்கும் என்று நாடாளுமன்றத்தில் வாதாடிய மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம், சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் பி. சுப்பராயனின் மகன், ஒரு காலத்துக் கம்யூனிஸ்ட். முன்னாள் இடதுசாரி அமைச்சர் ஒருவரை அந்த நேரத்தில் நியமித்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? சோலி சொராப்ஜி உட்படப் பம்பாய் வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதில் தவறு இல்லை. பின்னால் சொராப்ஜியே அந்த எதிர்ப்புக்காக வருந்தினார்.

இரண்டே ஆண்டில் சோதனை வந்தது. 1975 ஜூன் 12-ல் அலகாபாத் நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா இந்திராவின் தேர்தலைச் செல்லாது என்றார். கோடை விடுமுறை, உச்ச நீதிமன்றத்தில் இருந்தது கிருஷ்ணய்யர் ஒருவரே. சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே வந்து பார்க்கலாமா என்று தொலைபேசியில் கேட்டதையும், மனுவைப் பதிவாளரிடம் கொடுங்கள் என்று தான் சொன்னதையும் கிருஷ்ணய்யரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்திராவின் வழக்கறிஞர் பால்கிவாலா கேட்ட முழுத் தடை கிடைக்கவில்லை. ஜூன் 24-ல் வந்தது நிபந்தனைத் தடை: பிரதமராக இருக்கலாம், அவையில் பேசலாம், உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, சம்பளம் கிடையாது. பதவியில் தொடர விட்டதே சலுகை என்பவர்கள் இன்றும் உண்டு. தேர்தல் மேல்முறையீடுகளில் அந்த மாதிரித் தடை அன்றைக்குப் புழக்கத்தில் இருந்ததுதான். பிரதமருக்கென்று தனிச் சட்டம் எழுத அவர் மறுத்தார், அவ்வளவுதான். 1960-ல் தோற்று, தேர்தல் வழக்குப் போட்டுத் தன் தொகுதியைத் திரும்பப் பெற்றவர் அவர். இப்படிப்பட்ட மனு ஒன்றின் கனம் அவர் கைக்குத் தெரியும். தடை உத்தரவுக்கு மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது.

இன்னொரு குறை நியாயமானது. சட்டம் இயற்றிப் பழகிய கை, தீர்ப்பிலும் சட்டம் இயற்றப் பார்க்கும். 1979-ல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் தூக்குத் தண்டனைக்கு அவர் போட்ட வேலி, நாடாளுமன்றம் போட்டிருக்கவேண்டிய வேலி. அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. ‘தொழில்’ என்பதற்கு 1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் அவர் கொடுத்த அகன்ற வரையறையும் 2005-ல் மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. இங்கே அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் இந்தக் குறை வெளிச்சத்தில் நடந்தது. காரணங்களோடு எழுதப்பட்டது, பெரிய அமர்வால் திருத்தப்பட்டது. ஒரு நீதிபதி எதிர்பார்த்துக் காத்திருக்கும் பதவியை எந்த அமர்வும் இப்படித் திருத்த முடியாது.

அதற்கு உதாரணம் பஹருல் இஸ்லாம். பத்து ஆண்டு காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், 1972-ல் குவாஹாட்டி உயர் நீதிமன்ற நீதிபதி, ஓய்வுக்குப் பிறகு 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம். இதுவரை கிருஷ்ணய்யரின் பாதைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1982 டிசம்பரில் பீகார் காங்கிரஸ் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கைத் திரும்பப் பெறலாம் என்று சொன்ன பெரும்பான்மையில் அவர் இருந்தார். அதே அமர்வில் இருந்த நீதிபதி துல்சாபூர்கர் மறுத்து எழுதினார். அடுத்த மாதம், ஓய்வுபெற ஆறு வாரம் இருக்கையில் இஸ்லாம் பதவி விலகி, அசாமின் பார்பேட்டாவில் காங்கிரஸ் வேட்பாளரானார். தேர்தல் அங்கே நடக்கவில்லை, மாநிலங்களவை கிடைத்தது. அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதை இனி யாரும் தீர்ப்பாக மட்டும் படிக்க முடியாது.

அப்படியானால் ஹெக்டே? அவரும் 1952 முதல் 1957 வரை காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், அங்கிருந்து நேராக மைசூர் உயர் நீதிமன்றம். கேசவானந்த பாரதி வழக்கில் தன்னை வளர்த்த கட்சியின் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதி, தலைமை நீதிபதி பதவியை இழந்து விலகினார். 1977-ல் பெங்களூர் தெற்கில் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்று மக்களவைத் தலைவரானார். கிருஷ்ணய்யரும் 1987-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார், ஓய்வுபெற்று ஏறக்குறைய ஏழு ஆண்டுக்குப் பிறகு. போகும் வழி இவர்களுக்கும் அரசியல்தான். ஆனால் ஆளும் தரப்பு தட்டில் வைத்துக் கொடுத்தது எதுவும் இல்லை. ஆட்சி கொடுத்த நாற்காலியிலும் முதுகெலும்பு நிற்கும் என்பதற்குச் சங்கரன் நாயர் இருக்கிறார். நீதிபதி நாற்காலியிலிருந்து 1915-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவுக்குப் போனவர், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு அதை உதறினார். அவரைப் போன்றவர்கள் கிடைப்பார்கள் என்று நம்பி விதி எழுத முடியாது.

உயர் நீதிமன்ற நீதிபதிக்கான தகுதியைச் சொல்லும் 217-வது பிரிவு அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அப்படியே இருக்கட்டும். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி வழக்காடக் கூடாது என்கிறது 124(7). கவர்னர் மாளிகைக்கோ மாநிலங்களவை நியமன இடத்துக்கோ போகக் கூடாது என்று எங்கும் இல்லை. எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958-லேயே தன் 14-வது அறிக்கையில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி ஏற்பதைத் தடுக்கச் சொன்னது. கிருஷ்ணய்யர் கேரளத்தில் அமைச்சராக இருந்த ஆண்டு அது. எத்தனையோ ஆட்சிகள் வந்து போய்விட்டன, எந்தக் கட்சியும் அந்தத் தடையைச் சட்டமாக்கவில்லை.