60 வருஷத்து ஃப்ரெஞ்ச் பாட்டு: பழைய ரெக்கார்டுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

எஸ்ஐபி, வாடகை, இஎம்ஐ எல்லாம் போன பிறகு, மிச்சக் காசுல மனசுக்குப் பிடிச்ச ஒண்ணு வாங்கறது தப்பா? இல்லவே இல்லை. ஆனா அதோட விலை எதனால வருதுன்னு தெரிஞ்சு வாங்கணும். இன்னைக்கு என்னோட பைத்தியத்தையே உதாரணமா எடுத்துக்கறேன்: 1960-கள் ஃப்ரெஞ்ச் பாப், செகண்ட் ஹேண்ட் வினைல்ல.

அந்தப் பாட்டுகளுக்கு 'யேயே'ன்னு பேரு. 1959-ல ஆரம்பிச்ச 'சல்யூ லே கோபேன்' ரேடியோ நிகழ்ச்சிதான் இதை வீடு வீடா கொண்டு போச்சு. அதே பேர்ல வந்த பத்திரிகையோட முதல் ஆண்டு விழா 1963 ஜூன் 22-ல பாரிஸ்ல நடந்தப்போ, சுமார் ஒன்றரை லட்சம் பேர் திரண்டாங்க!

அவ்வளவு ரசிகர்கள்னா, அவ்வளவு ரெக்கார்டு அச்சாகியிருக்கும். ஃபிரான்ஸ்வாஸ் ஆர்டி 1962-ல பாடின முதல் ஹிட் லட்சக்கணக்குல வித்தது. அதனால அவரோட அந்தக் கால 45 ஆர்பிஎம் ரெக்கார்டுகள் ஃபிரான்ஸ்ல தெருவோரப் பழைய சாமான் சந்தைகள்லயே கிடைக்கும். மாறா, செர்ஜ் கேன்ஸ்பூர் 1971-ல போட்ட 'மெலடி நெல்சன்' ஆல்பம் அப்போ சரியா விக்கல. பிறகுதான் கொண்டாடினாங்க. அதனால அதோட முதல் பதிப்புக்கு விலை எக்கச்சக்கம்.

புரியுதா? பாட்டு எவ்வளவு நல்லா இருக்குங்கறது மட்டும் விலையை முடிவு பண்றதில்லை. பிரதி எவ்வளவு அபூர்வம், கேக்கறவங்க எத்தனை பேர்ங்கறதுதான் முடிவு பண்ணுது. கேட்டு ரசிக்க மட்டும்னா, மறுபதிப்பே போதும்.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

1. தரம். விக்கறவங்க 'குட்'னு போட்டிருந்தா நல்ல நிலைன்னு நம்பிடாதீங்க. இந்த அளவுகோல்ல அது கீழ்ப்படி. நான் அப்படி நம்பி வாங்கினது, பாட்டை விட கரகரப்புதான் அதிகமா கேட்டுச்சு. 'வெரி குட் பிளஸ்'க்குக் கீழ இறங்காதீங்க.

2. மொத்தச் செலவு. ரெக்கார்டு 5 யூரோ, ஷிப்பிங் 20 யூரோன்னு வெச்சுக்குவோம். அதுக்கு மேல சுங்க வரி. அப்போ உண்மையான விலை 5 யூரோ இல்லையே! ஒரே கடையில நாலஞ்சா சேர்த்து வாங்குங்க.

3. கருவி. ஊசி தேஞ்சிருந்தா ரெக்கார்டையே கெடுத்துடும். பழைய ஃப்ரெஞ்ச் 45-கள் பலதுல நடுத்துளை பெருசா இருக்கும். அதுக்கு ஒரு சின்ன அடாப்டர் வேணும்.

முக்கியமா, "பின்னால விலை ஏறும்"னு சொல்லி உங்களையே ஏமாத்திக்காதீங்க. இது முதலீடு இல்லை, செலவு. எமர்ஜென்சி ஃபண்ட் முடிச்சுட்டு, மாசம் ஒரு தொகையைத் தனியா ஒதுக்குங்க. அதைத் தாண்டினா அந்த மாசம் வாங்காதீங்க.

அந்தக் கால ஃப்ரெஞ்ச் 45-ல பெரும்பாலும் நாலு பாட்டு, பக்கத்துக்கு ரெண்டு. அஞ்சாறு நிமிஷத்துல எழுந்து போய்த் திருப்பிப் போடணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், போனைத் தள்ளி வெச்சுட்டு, மொழி புரியாட்டியும் ஆர்டியோட மெல்லிய குரலைக் கேட்டுப் பாருங்க. கடன் இல்லாம வாங்கின சந்தோஷம்னா என்னன்னு தெரியும்.