கரண்ட் போனால் அம்மாவின் போனும் போகும்

கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம். மகன் ரொறன்ரோவில் இருந்து திரும்பத் திரும்ப எடுக்கிறான்; மணி போகவில்லை. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு எடுத்து, “அம்மாவை ஒருக்கா எட்டிப் பாருங்கோ” என்கிறான். அம்மா சுகமாகத்தான் இருக்கிறா, போன்தான் செத்துக் கிடக்கிறது. செப்புக் கம்பி கழற்றிப் பைபர் பூட்டிய வீடுகளில் இதை அடிக்கடி காண்கிறேன்.

பழைய இணைப்பில் போனுக்கு வேண்டிய 48 வோல்ற் மின்சாரம் எக்சேஞ்சில் இருந்தே கம்பி வழியாக வந்தது. பைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி வரும், மின்சாரம் வராது. சுவரில் பூட்டும் பெட்டி வீட்டுக் கரண்டில்தான் ஓடும். பெட்டி நின்றால் போனும் நின்றுவிடும். இலங்கையில் 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதற்குள் மறந்துவிட்டோமா?

வீட்டுப் போனை மட்டுமே நம்பியிருப்பவர்கள் கரண்ட் இல்லாத நேரத்திலும் குறைந்தது ஒரு மணித்தியாலம் அவசர அழைப்பு எடுக்க நிறுவனமே வழிசெய்ய வேண்டும் என்பது பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்பான ஒவ்கொமின் நிலைப்பாடு. இங்கே யாரும் கொண்டுவந்து தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பெட்டியின் அடப்ரரில் உள்ள வோல்ற், அம்பியர் அளவைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே அளவுக்குப் பொருந்தும் மினி யூபிஎஸ் வாங்குங்கள். அளவு மாறினால் பெட்டியே பழுதாகலாம். கோட்லெஸ் போன் வேண்டாம், அதன் அடித்தட்டுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும். வயர் போனே போதும். அறைக்கு இழுத்திருந்த பழைய இணைப்பு தானாக வேலை செய்யாது. போன் அம்மாவின் கட்டிலடிக்கு வர வேண்டும் என்று பூட்ட வருபவரிடம் அப்போதே சொல்லுங்கள்.

இனிப் பத்திரம். பல வீடுகளில் இணைப்பு இன்னமும் காலமான அப்பாவின் பெயரில் கிடக்கிறது. முறைப்பாடு என்று போகும்போதுதான் அந்தச் சிக்கல் தெரியவரும். மரணச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, கடைசிப் பில் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, வேறென்ன வேண்டும் என்று போக முன்னமே கேளுங்கள். சிறிலங்கா ரெலிகொம் இணைப்பென்றால் 1212. பழைய 021 இலக்கம் மாறாதா, மாத வாடகை எவ்வளவு, எத்தனை மாத உடன்படிக்கை என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாசித்து விளங்காத ஆங்கிலப் படிவத்தில் அம்மா கையெழுத்து வைக்கக் கூடாது. தமிழில் கேளுங்கள்.

போன் பழுதானால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறியுங்கள். அந்த இலக்கம் கையில் இல்லாவிட்டால் அடுத்த படி ஏறுவது கடினம். தீர்வு வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900க்கு எடுங்கள். அதோடு நிற்காமல், 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 08 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதமும் போடுங்கள். தமிழில் எழுதலாம்; தமிழிலேயே பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. கடிதத்தின் பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் பத்திரம்.

“லைன் மாற்றுகிறோம், கைப்போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கோ” என்று யார் கேட்டாலும் அம்மா சொல்லக் கூடாது. அந்த இலக்கத்தால் வங்கிக் காசு போகும். திரும்பவும் சொல்கிறேன்: யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

பூட்டி முடிந்த அன்றே மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். போனுக்கு மேலே 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், பக்கத்து வீடு என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டு இலக்கத்தை அம்மாவே அழுத்தட்டும். மணி போகிறதா என்று கேட்ட பிறகு சுவிச்சைப் போடுங்கள்.